எப்போ என்று கேட்பவர்

"எப்போ?" என்று கேட்டுவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொள்கிறார் அவர். எதிரே நிற்கும் ரொட்டி வேன்காரருக்குப் புரியவில்லை.

"அதான் சொன்னேனே அண்ணே, இண்டிகேட்டர் ஒழுங்கா வேலை செய்யல."

"என்னன்னு கேக்கல. எப்போன்னு கேட்டேன்."

"எப்பவுமேதான்."

"எப்பவுமேன்னு ஒண்ணு கிடையாது. காலையில வண்டிய எடுத்த உடனேயா, ஓடி சூடானதுக்கு அப்புறமா? ஹெட்லைட் போட்டிருந்தப்பவா, அணைச்சிருந்தப்பவா? பின்னாடி சரக்கு இருந்துச்சா? மழை பெஞ்சுதா?"

வேன்காரர் தலையைச் சொறிகிறார். பதில் வரும்வரை இவர் டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பார். ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டார். வேன்காரர் கடைசியில் ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்கிறார்: சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு இடப்பக்கம் திரும்பினால், மஞ்சள் விளக்கோடு சேர்ந்து சிவப்பு விளக்கும் கண்ணடிக்கிறதாம். பின்னால் வந்த ஒருவர் சொன்னாராம்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா டீ ஆறியிருக்காது" என்று எழுந்துபோய், பின்விளக்குக் கண்ணாடியைக் கழற்றி, துருப்பிடித்த ஒரே ஒரு திருகை எடுத்து உப்புத்தாளில் தேய்த்து மறுபடி முடுக்குகிறார். விளக்கு சரியாகிவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"போன கரண்ட் திரும்பி வர்றதுக்கு ஒரு வழி வேணும்" என்று வேன்காரருக்கு விளக்கம் வேறு. "அந்த வழி துருப்பிடிச்சுக் கெடந்தா, அது என்ன பண்ணும்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். அதான் சிவப்பு லைட்டு கண்ணடிச்சுது. நீங்க பாவம் பல்பைத் திட்டிட்டு வந்தீங்க."

இந்தக் கேள்வியாலேயே இவருக்கு 'எப்போ' என்று பெயர் விழுந்துவிட்டது. நேரில் 'எப்போ அண்ணே'. முதுகுக்குப் பின்னால் வெறும் 'எப்போ'. "வண்டிய எப்போகிட்ட விட்டிருக்கேன்" என்று யாராவது சொன்னால், வெளியூர்க்காரர்கள் அது ஏதோ தேதி விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பழைய வண்டிகளின் விளக்குகளும் ஹார்னும் ஒயர்களும்தான் தொழில். இன்ஜினைத் தொட மாட்டார். புது வண்டி வந்தால் அடுத்த தெருவுக்குக் கைகாட்டி அனுப்பிவிடுவார். "அதுக்கு வாய் இருக்கு. கம்ப்யூட்டர்ல மாட்டினா எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லிரும். எனக்கு வர்றதெல்லாம் வாயில்லா ஜீவன்."

பஞ்சர் கடைக்கும் திரைச்சீலைக் கடைக்கும் நடுவில் இரண்டு வண்டி நிற்கக்கூடிய தகரக் கொட்டகை. அதற்கு எதிர்ப்புற மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். என் ஸ்கூட்டரின் ஹார்ன் ஒருநாள், கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் தானாகக் கத்த ஆரம்பித்தது. அதைக் காட்டப் போனதிலிருந்து பழக்கம். அவருக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, கோளாறுகள்தான் நிற்கின்றன. மூன்று வருடமாகத் தினமும் பார்க்கிற என்னைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, "இவரு திரும்பினா கத்துற ஹார்ன்" என்றுதான் சொல்கிறார்.

வயது ஐம்பத்திரண்டு. கம்பிபோல உடம்பு. இடக்கை மோதிர விரலில் மோதிரம் கிடையாது, மோதிரத்தின் தழும்பு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் பேட்டரிக் கம்பிக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் கல்யாண மோதிரம் பாலம் போட்டுவிட்டது. ஒரு கணம்தான், மோதிரம் சிவந்து விரலைச் சுற்றிப் பொசுக்கிவிட்டது. "மோதிரத்தைக் கழட்டி வச்சா வீட்ல கோவிச்சுக்குவாங்க. இதக் கழட்டவே முடியாது, அதுல அவங்களுக்கு சந்தோஷம்" என்று விரலைத் தூக்கிக் காட்டுவார்.

உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டதில்லை. பிரேக் விளக்கைப் பார்க்க இன்னொருவர் மிதிக்க வேண்டுமே? அதற்கு ஓர் அளவெடுத்து வெட்டிய கட்டை இருக்கிறது. இருக்கைக்கும் பிரேக் பெடலுக்கும் இடையில் முட்டுக் கொடுத்துவிடுவார். "டீ கேக்காது, லீவு கேக்காது." வண்டிக்குப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடி சக்கரம் வைத்து நிற்கும். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே பின்விளக்குகளை அதில் பார்த்துக்கொள்வார். அவர் மனைவியின் அலங்கார மேசையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. அந்த அம்மாள் மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம், ஏதாவது ஒரு லாரியின் பின்புறம் தன் கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, அதிலேயே நெற்றியைச் சரிசெய்துகொள்வார். "வீட்ல தலைவலின்னாலும் எப்போன்னுதான் கேப்பாரு" என்று என்னிடம் சொன்னார். "நான் யோசிச்சு பதில் சொல்றதுக்குள்ள தலைவலியே போயிரும்."

முட்டை அட்டையின் குழிகளில் செத்த பல்புகளை அடுக்கி வைத்திருக்கிறார். எதையாவது எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மரணக் காரணம் சொல்வார். உள்ளே கறுத்திருந்தால் வயசாகிப் போனது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் காற்று புகுந்து போனது. கண்ணாடி பளபளவென்று சுத்தமாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் குலுங்கிப் போனது. மேசை இழுப்பறையில் மீட்டர் ஒன்று உண்டு, ஆனால் கையில் எப்போதும் இருப்பது தானே செய்துகொண்ட சோதனை விளக்குதான். பழைய திருப்புளிப் பிடிக்குள் ஒரு சின்ன பல்பு, ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் கிளிப். "ஒயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிட்டிருந்தாலும் மீட்டரு பன்னெண்டு வோல்ட்டுன்னு காட்டிரும். இந்த பல்பு ஏமாறாது. நெசமாவே கரண்ட் வந்தாத்தான் எரியும்."

குறைகளும் உண்டு. மகா மந்தம். அரை மணியில் முடியும் என்று நம்பி வந்தவர்கள் மாலை வரை காத்திருந்து, திட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். "எப்படியாவது எரிய வச்சிருங்க" என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. "எப்படியாவதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஐந்து வாரங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இளம்பச்சை நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இருபத்தைந்து வயதுக் கார், ஆனால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். ஓட்டி வந்தவர் முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி. அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கும் வேலையில் இருப்பவர் என்று பிறகு தெரிந்தது.

கணவர்தான் பேசினார். "அண்ணே, வலது இண்டிகேட்டர் நல்லா இருக்குன்னு பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

"நல்லா இருக்கிறத எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

அவர் விஷயத்தைச் சொன்னார். மூன்று வாரம் முன்பு, மனைவி காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வலப்பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து முந்த வந்த பைக் கதவில் மோதிவிட்டது. பைக்காரருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. 'சிக்னல் எரியவே இல்லை' என்று அவர் சத்தியம் செய்கிறார். 'நான் போட்டேன்' என்கிறார் மனைவி. பின்சீட்டில் இருந்த அப்பா, 'எனக்கும் சத்தம் எதுவும் கேக்கல' என்றுவிட்டார். அப்பா முப்பத்துநாலு வருடம் கம்பெனி வண்டி ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"வீட்டு வாசல்ல வச்சு நானே இருபது தடவ போட்டுப் பாத்துட்டேன். ஜோரா எரியுது. அப்ப இவதான் மறந்திருக்கணும். மனுஷங்களுக்கு மறக்கிறது சகஜம்தானே? இன்சூரன்ஸுக்கு லெட்டர் டைப் பண்ணியாச்சு. இவ கையெழுத்துப் போட மாட்டேங்கிறா. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டா மனசு அடங்கும்."

சட்டைப்பையில் அந்தக் கடிதத்தின் மடிப்புத் தெரிந்தது. அந்தப் பெண் அதைப் பார்க்காமல் முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய ஓட்டினது யாரு தம்பி?"

"இவதான்."

"அப்ப அவங்களக் கேக்குறேன்." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "எப்போம்மா?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. மூன்று வாரமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோலப் பதில் வந்தது. "சனிக்கிழமை. பதினொன்றரை இருக்கும். அத்தைய டாக்டர்கிட்ட காட்டிட்டுத் திரும்பி வந்துட்டிருந்தோம். மழை இல்ல. நல்ல வெயில். பெட்ரோல் பங்க் தாண்டி வலது பக்கம் திரும்பணும். எதிர்ல லாரி வந்துச்சு, அதனால பிரேக் மிதிச்சு நின்னேன். சிக்னல் அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா வேகமா கேட்டுச்சு."

இவர் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது. "வேகமான்னா?"

அந்தப் பெண் காரின் முன்மூடியில் நகத்தால் தட்டிக் காட்டினார். டிக்டிக்டிக்டிக் என்று, அவசரமாக.

"இன்னொரு தடவ தட்டுங்க."

தட்டினார். இவர் பின்னால் போய், வலது மஞ்சள் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து சிக்னலைப் போட்டார். டாஷ்போர்டுக்குள்ளிருந்து அதே அவசரம், அதே தாளம். பல்பை மாட்டினார். சத்தம் நிதானத்துக்கு வந்தது.

"ஒரு பல்பு எரியலன்னா இந்த மாதிரி வேகமா அடிக்கும்" என்றார். "இது உங்களுக்கு யாராவது சொல்லியிருக்காங்களாம்மா?"

"இல்லையே."

"பொய் சொல்றவங்களுக்கு இந்த வேகம் தெரியாது தம்பி. அம்மா சிக்னல் போட்டிருக்காங்க. பைக்காரரு சொன்னதும் சரி, பின்னாடி எரியல. ரெண்டு பேரும் நெசத்தச் சொன்னா, நடுவுல ஏதோ ஒரு ஒயரு பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

அந்தப் பெண் சட்டென்று திரைச்சீலைக் கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார். நல்லவேளையாக அங்கே பார்ப்பதற்கு நிறையத் திரைச்சீலைகள் இருந்தன.

"இப்ப எரியுதே அண்ணே" என்றார் கணவர்.

"அதான் கேள்வியே."

தேடல் ஆரம்பமானது. பல்பு மாட்டும் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். கரண்ட் திரும்பி வரும் எர்த் திருகைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். டிக்கியைப் பத்து முறை அறைந்து சாத்தினார். எல்லாவற்றுக்கும் அந்தப் பாழாய்ப்போன விளக்கு அழகாக, ஒழுங்காகக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. பின்சீட்டில் தானே ஏறிக் குதித்தார். என்னை ஏறச் சொன்னார். மதியச் சாப்பாடு வந்து ஆறிப்போனது. கணவர் மணி பார்ப்பதை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் ஏதோ விளையாட ஆரம்பித்தார்.

"அன்னிக்கு யார் யார் எங்க உக்காந்திருந்தீங்க?"

"அத்தை இடது பக்கம். மாமா எனக்குப் பின்னாடி. எப்பவும் அவரு இடம் அதுதான்" என்றார் அந்தப் பெண்.

"அவர வரச் சொல்லுங்க."

"அப்பாவ எதுக்குண்ணே இதுல இழுக்கிறீங்க?"

"அன்னிக்கு இந்த வலது பக்கத்துல இருந்ததெல்லாம் இன்னிக்கும் இருக்கணும் தம்பி. அப்பத்தான் அது மறுபடி பண்ணும்."

கணவர் தயங்கித் தயங்கிக் கைப்பேசியை எடுத்தார். பெரியவர் வரும்வரை சும்மா இருந்த நேரத்தில், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை நான் கேட்டேன்: இந்த 'எப்போ' எங்கிருந்து வந்தது? முன்பு இரண்டு முறை கேட்டபோது ஏதோ வேடிக்கையாகச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தார். அன்று சோறு பிசைந்துகொண்டே சொன்னார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரு. வேன் ஓட்டிட்டிருந்தாரு. பிரேக் லைட்டு சில சமயம் எரியல மச்சான்னு மூணு தடவ வந்தாரு. மூணு தடவையும் பாத்தேன். எரிஞ்சுது. 'நல்லாத்தான் இருக்கு, உனக்குப் பிரமை'ன்னு கேலி பண்ணி அனுப்பிட்டேன். நாலாவது தடவ பின்னாடி வந்த பஸ்ஸு ஏறிடுச்சு. இப்ப கக்கத்துல கட்டை வச்சுத்தான் நடக்கிறாரு." ஒரு வாய் சாப்பிட்டார். "இன்னிவரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல சார். கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

பெரியவர் வாடகை வண்டியில் வந்து இறங்கினார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவின் ஒடுக்கைத் தொட்டுப் பார்த்தார். மருமகளைப் பார்க்கவில்லை.

"ஐயா, வழக்கமா உக்கார்ற இடத்துல உக்காருங்க. அம்மா ஓட்டுவாங்க."

"இவ ஓட்டினா இனிமே நான் ஏற மாட்டேன்னு சொல்லியாச்சு."

"நீங்க ஏறினாத்தான் வண்டி வாயத் திறக்கும் போலிருக்கு ஐயா. ஒரே ஒரு சுத்து."

பெரியவருக்கு வண்டி என்றால் மறுக்க முடியாத ஒரு பலவீனம் இருந்திருக்க வேண்டும். ஏறினார். மகன் முன்னால் அமர்ந்தார். அந்தப் பெண் மூன்று வாரத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தார். இருக்கையை முன்னால் இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

பின்னால் என் ஸ்கூட்டர். நான் ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து என் தோளுக்கு மேலாகக் காரின் வலது விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் திருப்பம், எரிந்தது. இரண்டாவது, எரிந்தது. மூன்றாவதிலும் எரிந்தபோது எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பெட்ரோல் பங்க் தாண்டி, அதே இடத்துக்கு வந்தோம். எதிரே ஒரு தண்ணீர் லாரி நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது. கார் வேகம் குறைந்தது. மஞ்சள் விளக்கு ஐந்து முறை மின்னியது. ஆறாவது மின்னல் வரவில்லை.

என் தோளில் அவர் விரல்கள் இறுகின.

கார் திரும்பவில்லை. அந்தப் பெண் திரும்புவதை விட்டுவிட்டு, மெதுவாக இடது ஓரத்துக்கு ஒதுக்கி நிறுத்தினார். சிக்னலை மட்டும் அணைக்கவில்லை. நாங்கள் பக்கத்தில் போனபோது உள்ளிருந்து டிக்டிக்டிக்டிக் என்று அந்த அவசரத் தாளம் கேட்டது. அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கேக்குதா?" என்றார், யாரிடம் என்று இல்லாமல். கணவர் தலையாட்டினார்.

இவர் பின்கதவைத் திறந்து குனிந்தார். எதையும் தொடவில்லை. "ஐயா, அப்படியே இருங்க. அசையாதீங்க." பிறகு கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இப்ப அந்தக் கால எடுங்க."

"எந்தக் கால்?"

"வலது கால்."

பெரியவர் குனிந்து பார்த்தார். அவருடைய கறுப்பு ஷூ, கதவோரத் தரைவிரிப்பின்மேல், முழு பலத்தோடு அழுந்திக்கொண்டிருந்தது. முழங்கால் விறைத்திருந்தது. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். எடுத்தார். சத்தம் நிதானமாகியது. டிக். டிக். டிக்.

"மறுபடி மிதிங்க ஐயா."

டிக்டிக்டிக்டிக்.

பெரியவர் தாமாகவே காலை எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். நான்கு முறை. கடைசியில் காலை எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார்:

"முப்பத்துநாலு வருஷம் மிதிச்ச கால். அது பாட்டுக்கு பிரேக் தேடுது போல. எனக்கே தெரியல."

"எனக்குத் தெரியும் மாமா" என்றார் மருமகள், திரும்பாமல். "கல்யாணம் ஆனதிலேருந்து, நான் ஓட்டும்போதெல்லாம் மிதிச்சுக்கிட்டுத்தான் வர்றீங்க. சீட்டு முதுகுல தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

கொட்டகைக்குத் திரும்பியதும் இவர் தரைவிரிப்பைத் தூக்கினார். அதன் அடியில், முன்னாலிருந்து பின்விளக்குகளுக்குப் போகும் ஒயர் கட்டு. எப்போதோ யாரோ பின்னால் ஸ்பீக்கர் மாட்டும்போது அதில் ஒன்றை அறுத்துவிட்டு, முறுக்கி, மேலே டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி பூத்திருந்தது. இழைகள் ஏறக்குறைய எல்லாம் அற்று, ஒன்றிரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. சாதாரணமாக உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. குதிகால் அழுந்தினால் விலகும், எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். அவரும் நானும் குதித்ததெல்லாம் சீட்டின்மேல்தானே.

கெட்ட பகுதியை இரண்டு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, புது ஒயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, அதன்மேல் குழாய் உறை போட்டு மூடினார். வெட்டிய துண்டை ஒரு காலி பல்பு டப்பாவில் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "யாராவது கேட்டா காட்டுங்கம்மா. என்னை வந்து சொல்லச் சொன்னாலும் வர்றேன்."

பெரியவர் மகனிடம் கையை நீட்டினார். "அந்த லெட்டர எடு."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, உதடசையப் படித்தார். 'சிக்னல் போட மறந்துவிட்டேன்' என்ற வரியில் கட்டை விரலை வைத்தார். பிறகு நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "இது வேணாம். லாரியவே பாத்துட்டிருந்த நான், சத்தம் கேக்கலன்னு சொன்னத வச்சுத்தானே எல்லாரும் எழுதினீங்க. நானே போய்ச் சொல்றேன். அந்த பைக்காரப் பையன் வீட்டுக்கும் போகணும். மொதல்ல அவன் பொய் சொல்றான்னு நீ சண்டை போட்டுட்டு வந்தியே, அதுக்கும் சேத்து."

மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

புறப்படும்போது யாரும் எதுவும் சொல்லாமலே மருமகள் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். பெரியவர் பின்னால் தன் பழைய இடத்தில் ஏறினார். ஷூ இரண்டையும் கழற்றிக் கீழே ஓரமாக வைத்துவிட்டு, கால்களை மடக்கிச் சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

இவர் ஜன்னலில் குனிந்தார். "ஒயரு சரியாயிடுச்சு ஐயா. இனிமே தாராளமா கீழ வைக்கலாம்."

"தெரியும்" என்றார் பெரியவர். "நீங்க போங்க."

கார் கொட்டகையை விட்டு இறங்கி, சாலையின் விளிம்பில் வந்து நின்றது. வலது விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம். பைக்குகளும் வேன்களும் ஒரு பஸ்ஸும் விடாமல் வந்துகொண்டிருந்தன. வழிவிட யாருக்கும் மனமில்லை. அந்தப் பெண் அவசரப்படவில்லை, காத்திருந்தார்.

இவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். விடுவிடுவென்று நடந்து சாலையின் நட்டநடுவில் போய் நின்று, வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கு நேராக வலது கையைத் தூக்கினார். பஸ் குலுங்கி நின்றது. பின்னால் எல்லாமே நின்றன. கார் மெல்லத் திரும்பி, நேராகி, போனது. பஸ் ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். யாரோ எட்டிப் பார்த்து ஏதோ திட்டினார்கள். கார் தெருக்கோடியில் மறையும்வரை அவர் அந்தக் கையை இறக்கவே இல்லை.